கோப்பிலிருந்து வந்த வாக்கியம்

2024 பிப்ரவரி கடைசியில் பெர்லினில், ஆர்ஏஎஃப் (செம்படைப் பிரிவு என்ற இடதுசாரி ஆயுதக் குழு) உறுப்பினராகத் தேடப்பட்டுவந்த டானியேலா கிளெட்டேவைப் பிடித்தார்கள். 65 வயது. 30 ஆண்டுகளுக்கு மேல் தலைமறைவாக இருந்தவர், க்ரொய்ஸ்பெர்க் பகுதியில் ஒரு சாதாரண அடுக்ககத்தில் வேறு பெயரில் வாழ்ந்திருக்கிறார். செய்தி வந்த அன்று எங்கள் அலுவலக உணவகத்தில் அதே பேச்சுதான். ஸ்டுட்கார்ட்காரர்களுக்கு ஆர்ஏஎஃப் என்பது எங்கோ நடந்த கதை இல்லை. அதன் தலைவர்கள் அடைக்கப்பட்டிருந்த ஷ்டாம்ஹைம் சிறை எங்கள் ஊரின் வடக்கு ஓரத்தில்தான் இருக்கிறது. யு15 ரயில் அந்தப் பகுதியில் போய்த்தான் முடிகிறது. நான் அந்தக் காலத்தில் இங்கே இருந்தவன் இல்லை. இருந்தும் கேட்பதற்கு முன்பே என் கருத்தைச் சொல்லிவிட்டேன்: "இவர்களிடம் அரசு ஒருபோதும் இறங்கிப் போயிருக்கக் கூடாது. கொன்றவர்களோடு என்ன இணக்கம்?" மேசையில் இருந்த இளைஞர்கள் தலையாட்டினார்கள். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த மூத்த சக ஊழியர் ஒருவர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடியே சொன்னார்: "அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் அரசியல்வாதி இல்லை. அவர் ஓர் அரசு அதிகாரி. அதை மறந்துவிடாதீர்கள்." அவ்வளவுதான். விளக்கவில்லை. கோடையில் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்.

அவர் குறிப்பிட்டது, ஆர்ஏஎஃப் கைதிகள் விஷயத்தில் அரசு இணக்கத்துக்குத் தயாராக வேண்டும் என்று 1992-ல் பேசிய கிளவுஸ் கிங்கெலை. பெயர் எனக்குத் தெரியும். சான்சலர் கோல் ஆட்சியின் பிற்பகுதியில் வெளியுறவு அமைச்சர், கென்ஷருக்குப் பின் வந்தவர், கென்ஷர் அளவுக்கு யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாதவர். ஆனால் "அதிகாரி" என்று அந்த மனிதர் அழுத்திச் சொன்ன விதம் என்னை விடவில்லை. பொதுவாக அந்தச் சொல்லை இங்கே யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். என் அப்பா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அதிகாரிகள் வேலையை விட்டுத் தேர்தலில் நிற்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே: "கோப்பு பார்த்தவனுக்குக் கூட்டம் பார்க்கத் தெரியாது." அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். ஓர் அதிகாரி செய்தார் என்பதாலேயே ஒரு காரியத்துக்குத் தனி எடை வருமா என்ற கேள்வியோடு ஒன்றரை ஆண்டாக அலைந்திருக்கிறேன்.

54 வயதில் கட்சி அட்டை

கிங்கெல் 1936-ல் மெட்சிங்கனில் பிறந்தவர். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். இன்று தள்ளுபடி விலைத் துணிக்கடைகளுக்காகத்தான் அங்கே கூட்டம் போகிறது. சட்டம் படித்து முனைவர் பட்டம் வாங்கி, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில நிர்வாகத்தில் தொடங்கி, 1968-ல் பான் நகரில் உள்துறை அமைச்சகத்துக்குப் போனார். அங்கே 1970-ல் அமைச்சர் கென்ஷரின் தனிச் செயலர். 1974-ல் கென்ஷர் வெளியுறவுக்கு மாறியபோது கூடவே போனார். 1979-ல் பிஎன்டி என்ற வெளிநாட்டு உளவு அமைப்பின் தலைவர். அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இருவருமே ராணுவத் தளபதிகள். முதல் முறையாக ஒரு சிவில் அதிகாரி உட்கார்ந்தார். 1982 முதல் 1991 வரை நீதித்துறையின் அரசுச் செயலர். அமைச்சர்கள் மேடையில் இருக்க, சட்ட முன்வரைவுகளையும் நாடாளுமன்றக் குழுக்களையும் ஓசையில்லாமல் நடத்தும் பதவி அது. இத்தனை ஆண்டுகளும் தாராளவாதக் கட்சியான எஃப்டிபி அமைச்சர்களின் நிழலில்தான் இருந்தார். உறுப்பினர் அட்டை மட்டும் வாங்கவில்லை. 1991 ஜனவரியில் நீதி அமைச்சரானபோதுதான் கட்சியில் சேர்ந்தார். வயது 54.

ஜெர்மனியில் 'பெயாம்ட்டர்' என்பவர் சாதாரணச் சம்பளக்காரர் இல்லை. அரசியல் சாசனத்தின் மேல் உறுதிமொழி எடுத்து, வாழ்நாள் முழுமைக்கும் நியமிக்கப்படுகிறவர். வேலைநிறுத்த உரிமை கிடையாது. அரசுச் செயலர்கள் போன்ற உயர் பதவியினருக்கு ஒரு விதிவிலக்கு: அமைச்சருக்கு நம்பிக்கை போய்விட்டால் காரணம் சொல்லாமலே ஓய்வுக்கு அனுப்பிவிடலாம். கிங்கெல் அந்த விளிம்பில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறார். அரசியல்வாதிக்கு அருகிலேயே இருந்தும் அரசியல்வாதி ஆகாத ஒருவரின் பழக்கங்கள் எப்படிப்பட்டவை என்பது பிறகு வரும்.

அவர் அமைச்சரான காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1991 ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள் இரவு, டூசல்டார்ஃபில் டெட்லெவ் ரோவெடரை அவர் வீட்டு ஜன்னல் வழியே சுட்டுக் கொன்றார்கள். கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலைகளை விற்றுக்கொண்டிருந்த ட்ராய்ஹாண்ட் நிறுவனத்தின் தலைவர் அவர். அவரும் ஒரு காலத்தில் அரசுச் செயலராக இருந்தவர்தான். 1989 நவம்பரில் டாய்ச்ச பாங்க் தலைவர் ஹெர்ஹவுசன் பாட் ஹோம்பர்க்கில் வெடிகுண்டுக்குப் பலியாகியிருந்தார். 1986 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி கெரோல்ட் ஃபான் பிரவுன்மியூல், வேலை முடிந்து டாக்சியில் பான் நகர வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது கொல்லப்பட்டார். கிங்கெல் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த அமைச்சகம் அது. ஆகவே கிங்கெலுக்கு இது செய்தித்தாளில் படித்த வன்முறை இல்லை.

இந்தப் பின்னணியில், 1992 ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்கள் திருநாளில் எஃப்டிபி ஆண்டுதோறும் ஸ்டுட்கார்ட்டில் நடத்தும் கூட்டத்தில் அவர் எழுந்து, எங்கே பொருத்தமோ அங்கே அரசு இணக்கத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றார். கட்சியில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நீண்ட காலமாகச் சிறையில் இருப்பவர்கள், சிறையைத் தாங்க முடியாத அளவுக்கு நோயுற்றவர்கள், இவர்களில் சிலரின் விடுதலையைப் பரிசீலிக்கலாம் என்பது பொருள்.

அப்பா கேட்ட கேள்வி

இந்த வாக்கியத்தை முதலில் நான் ஒரு பெருந்தன்மையாகத்தான் படித்தேன். பெருந்தன்மையாகப் படித்ததால் கோபமும் வந்தது. பெருந்தன்மை காட்ட இவர் யார்? ரோவெடரின் மனைவி அந்த இரவில் தானும் குண்டடி பட்டவர். மன்னிப்பதென்றால் அவர் மன்னிக்கலாம். ஓர் அமைச்சர் மேடையில் நின்று அவர் சார்பில் கை நீட்ட முடியுமா? ஜெர்மன் மொழியில் கிங்கெல் சொன்ன சொல் 'ஃபெர்ஸோனுங்'. அதன் வேரில் இருப்பது பிழைக்குக் கழுவாய் தேடுதல். தமிழில் நாம் சமரசம் என்று எழுதினால் பேரம் போலத் தொனிக்கிறது. தேவாலயங்களில் புழங்கும் ஒப்புரவு என்ற சொல்தான் கொஞ்சம் நெருங்குகிறது. கழுவாய் தேடாதவரோடு எப்படி ஒப்புரவாவது? இந்த இடத்தில் பல மாதம் நின்றுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவருக்கு ஜெர்மன் அரசியலில் ஆர்வமில்லை, ஆனால் கதை கேட்பார். ஆயுள் தண்டனைக் கைதிகளின் விடுதலையை இங்கே 15 ஆண்டு முடிந்த பிறகுதான் நீதிமன்றம் பரிசீலிக்கும் என்பதையும் நடுவில் எங்கோ சொல்லியிருந்தேன்.

"அவங்கள்ல நெறைய பேரைப் புடிச்சது எந்த வருஷம்?"

"77-ல நெறைய பேரு, அப்பா."

"இவரு பேசினது?"

"92."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ தவணை வந்திருக்கு. யாராவது ஒருத்தர் நினைவூட்டு போட்டுத்தானே ஆகணும்?"

நான் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன், இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்பாவின் மேசையில் தன்பதிவேடு என்று ஒன்று இருக்கும். எந்தக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, என்ன நடவடிக்கை, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருப்பார். தேதி வந்தால் நினைவூட்டு போக வேண்டும். மனுதாரர் நல்லவரா கெட்டவரா என்பது அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை. சிறுவயதில் அது எனக்கு ஈரமற்ற வேலையாகத் தெரிந்தது.

1977-ஐத் திரும்பிப் பார்த்தேன். ஏப்ரல் 7 அன்று தலைமை அரசு வழக்கறிஞர் ஸீக்ஃப்ரீட் பூபாக் கார்ல்ஸ்ரூ நகரச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கார்ல்ஸ்ரூவில் இருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம், இரண்டரை மாதம் கழித்து, ஜூன் 21 அன்று ஒரு தீர்ப்புச் சொன்னது: ஆயுள் தண்டனை செல்லும், ஆனால் அப்படித் தண்டிக்கப்பட்டவருக்கும் மறுபடி வெளியே வர ஒரு வழி இருந்தாக வேண்டும், அதற்குக் கருணை மனு மட்டும் போதாது, சட்டமே வழி சொல்ல வேண்டும். வழக்கு ஆர்ஏஎஃப் தொடர்பானது இல்லை. ஆனால் அந்த ஆண்டு, அந்த ஊரில் இருந்துகொண்டு, நீதிபதிகள் அப்படி எழுதினார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்துதான் 15 ஆண்டு விதி பிறந்து 1982-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான் கிங்கெல் நீதித்துறைக்கு வந்து சேர்ந்தார். 1977-ல் கைதானவர்களுக்கு 15 ஆண்டு என்றால் 1992. யாராவது ஒருவர் அந்தத் தேதியைப் பார்த்தாக வேண்டும். ஆயுள் தண்டனை பெற்ற எந்தக் கொலையாளிக்கும் பார்க்கும் தேதியை இவர்களுக்கும் பார்ப்பதா, அல்லது இவர்கள் பெயரைக் கண்டதும் பதிவேட்டை மூடிவிடுவதா? மூடியிருந்தால், தாங்கள் தனி வகையான போர்க்கைதிகள் என்று அவர்கள் 20 ஆண்டாகச் சொல்லிவந்ததை அரசே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

இது என் வாசிப்பு. ஆனால் இப்படி வாசித்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கும் 'எங்கே பொருத்தமோ அங்கே' என்ற துண்டு என் காதில் விழுந்தது. மேடைப் பேச்சாளர் யாரும் அப்படி ஒரு நிபந்தனையை நெஞ்சைத் தொடும் வரியின் நடுவில் செருக மாட்டார். அது கோப்பில் எழுதும் குறிப்பின் மொழி. நீதி அமைச்சரால் ஒரு சிறைக் கதவைக்கூடத் திறக்க முடியாது: சிறைகள் மாநிலங்களுக்கு உரியவை, விடுதலையை முடிவு செய்வது உயர் நீதிமன்றங்கள், கருணை காட்டுவது குடியரசுத் தலைவர். அமைச்சர் கையில் இருந்தது தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் மேல் உள்ள மேற்பார்வை மட்டும். தனக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ அந்த அளவுக்குச் சரியாக அளந்து பேசியிருக்கிறார்.

விளைவு வந்தது. 1992 ஏப்ரல் 10 தேதியிட்ட கடிதத்தில், அரசு மற்றும் பொருளாதாரத் தலைவர்கள் மேல் நடத்திவந்த தாக்குதல்களை நிறுத்துவதாக ஆர்ஏஎஃப் அறிவித்தது. அரசு எந்திரத்துக்குள் துப்பாக்கியால் மட்டும் இதை முடிக்க முடியாது என்று புரிந்துகொண்டவர்கள் இருப்பதைக் கிங்கெலின் பேச்சு காட்டியது என்று அதிலேயே எழுதினார்கள். மே மாதம் குண்டர் ஸோனன்பெர்க் வெளியே வந்தார். 1977 மே மாதம் ஸிங்கன் நகரில் போலீசோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் தலையில் குண்டு பாய்ந்து பிடிபட்டவர். சரியாக 15 ஆண்டு. இன்னொரு ஆர்ஏஎஃப் கைதியான பெர்ன்ட் ரோஸ்னரை 1994-ல் குடியரசுத் தலைவர் வைட்ஸெக்கர் கருணையின் பேரில் விடுவித்தார்.

பாதை நேராகப் போகவில்லை. 1993 மார்ச்சில், கைதிகள் இன்னும் குடிவராத புத்தம் புதிய வைட்டர்ஷ்டாட் சிறையை ஆர்ஏஎஃப்காரர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜூன் மாதம் பாட் கிளைனன் ரயில் நிலையத்தில் நடந்த கைது முயற்சியில் ஆர்ஏஎஃப் உறுப்பினர் வோல்ஃப்காங் கிராம்ஸும், மிஷாயேல் நெவ்ர்செல்லா என்ற 25 வயதுக் காவலரும் இறந்தார்கள்; உள்துறை அமைச்சர் ஸைட்டர்ஸ் பதவி விலகினார். ஆனாலும் 1992 ஏப்ரலுக்குப் பிறகு யாரையும் குறிவைத்துக் கொல்லவில்லை. 1998 ஏப்ரல் 20 அன்று ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்கு எட்டுப் பக்கக் கடிதம் வந்தது: அமைப்பு கலைக்கப்பட்டது. தங்கள் பக்கம் இறந்தவர்களின் பெயர்களை அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். தாங்கள் கொன்ற 30-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. இதைப் படிக்கும்போது என் பழைய கோபம் அப்படியே திரும்பி வருகிறது. அது தவறான கோபம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

அதே பழக்கம், வேறு மேடைகள்

கிங்கெலை நான் புனிதராக்கவில்லை. ஜனவரியில் இணக்கம் பேசியவர், அதற்கு நாலு மாதம் முன்பு, 1991 செப்டம்பரில் நீதிபதிகள் மாநாட்டில், கிழக்கு ஜெர்மனி ஆட்சியின் நியாயத்தையே செல்லாததாக்க வேண்டும் என்று நீதித்துறையிடம் கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் நீதிபதிகளுக்கு வேலை சொல்லலாமா என்று அன்றே கேட்டார்கள், நியாயமான கேள்விதான். வெளியுறவு அமைச்சராக, இரானோடு 'விமரிசன உரையாடல்' என்ற, விமரிசித்தபடியே உறவைத் தொடரும் கொள்கையை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். 1992 செப்டம்பரில் பெர்லினின் மிகோனோஸ் உணவகத்தில் குர்திய எதிர்க்கட்சித் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னால் இரான் ஆட்சியின் உச்சியே இருந்தது என்று 1997 ஏப்ரல் 10 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அந்த உரையாடல் நின்றது. ஆர்ஏஎஃப் கடிதத்தின் தேதியும் ஏப்ரல் 10 என்பதைக் கவனித்தபோது சங்கடமாக இருந்தது. எல்லாக் கதவும் தட்டினால் திறக்கும் என்று நம்பியவருக்கு ஒரு கதவு ஏமாற்றிவிட்டது.

கட்சித் தலைமை இன்னும் மோசம். 1992-ல் கென்ஷர் விலகியபோது கட்சித் தலைமை இர்ம்கார்ட் ஷ்வேட்சரைத்தான் வெளியுறவுக்கு முன்மொழிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாற்றிக் கிங்கெலைத் தேர்ந்தெடுத்தார்கள். துணைச் சான்சலராக இருந்த மோலெமான் ஒரு பரிந்துரைக் கடித விவகாரத்தில் விழுந்ததும் 1993-ல் அந்தப் பதவியும், ஜூனில் கட்சித் தலைமையும் அவர் தலையில் வந்து விழுந்தன. இரண்டு ஆண்டில் மாநிலத்துக்கு மாநிலம் கட்சி, சட்டமன்றத்தில் இடம்பெறத் தேவையான 5 சதவீத வாக்கைப் பெற முடியாமல் வெளியே போனது. 1995 ஜூனில் தலைமையை விட்டார். கூட்டம் பார்ப்பதைப் பற்றி அப்பா சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஆனால் பதிவேட்டு மனம் இன்னொரு இடத்தில் பலித்தது. 1992 ஆகஸ்டில் லண்டனில் யுகோஸ்லாவியா மாநாடு கூடியபோது, போர்க் குற்றங்களுக்குப் பன்னாட்டு நீதிமன்றம் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1993 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு சபை அதை ஹேக் நகரில் அமைத்தது. கொலைகள் நடந்துகொண்டிருக்கும்போதே குற்றவாளிகளுக்கு ஒரு கோப்பு திறக்கச் சொன்னவர் அவர். ஷ்டாம்ஹைமுக்கும் ஹேக் நகருக்கும் நடுவே முரண் இருப்பதாக முன்பு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வழக்குத் தொடுக்க வேண்டிய நாளில் தொடுக்கவும், பரிசீலிக்க வேண்டிய நாளில் பரிசீலிக்கவும் ஒரே மனம்தான் வேண்டும்.

கிங்கெல் 2019 மார்ச்சில் இறந்தார். கடந்த அக்டோபரில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் போனேன். டேகர்லோக் பக்கம் காட்டோரமாக இருக்கும் டோர்ன்ஹால்டனில், ஷ்டாம்ஹைம் சிறையில் இறந்த ஆர்ஏஎஃப் தலைவர்கள் பாடர், என்ஸ்லின், ராஸ்பே மூவரும் ஒரே குழியில் கிடக்கிறார்கள். 1977-ல் அவர்களை எங்கே புதைப்பது என்று ஊரே கொதித்தபோது, மேயர் மான்ஃப்ரெட் ரோமெல், இறப்புக்குப் பின் பகை ஓய வேண்டும், முதல் தரக் கல்லறை இரண்டாம் தரக் கல்லறை என்று பிரிக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அதே ஊரின் ஓஸ்ட்ஃபில்டர் கல்லறையில் ஹன்ஸ் மார்ட்டின் ஷ்லையர் இருக்கிறார், அவர்களின் தோழர்களால் கடத்திக் கொல்லப்பட்ட முதலாளிகள் சங்கத் தலைவர். மதியத்துக்குள் இரண்டையும் பார்த்துவிட்டேன். ஷ்லையர் கல்லறை முன்னால்தான் அதிக நேரம் நின்றேன்.

மாலையில் அப்பாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிரவுன்மியூலின் சகோதரர்கள், அவர் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, கொலையாளிகளை நோக்கி ஒரு திறந்த மடல் எழுதி 'டாட்ஸ்' நாளிதழில் வெளியிட்டதைப் பற்றியும் சொன்னேன். எங்கள் சகோதரனை ஏன் கொன்றீர்கள், உங்கள் காரணம் எங்கே நிற்கிறது என்று வரி வரியாகக் கேட்ட மடல் அது.

"பதில் வந்துச்சா?"

"யார் சுட்டாங்கன்னே இன்னும் தெரியாது, அப்பா. ரோவெடர், ஹெர்ஹவுசன், எல்லாம் அப்படித்தான். வெளியே வந்தவங்களும் வாய் திறக்கல. இப்போ புடிச்ச அம்மாவும் பேசல."

"அப்போ அந்தக் கோப்பை முடிச்சுட்டாங்களா?"

இல்லை என்றேன். கொலைக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது என்று 1979-லேயே இங்கே சட்டம் மாற்றிவிட்டார்கள். நிலுவையில்தான் இருக்கிறது.